எபிசோடு 37: ஒன்றரை லட்சத்துக்கு ஸ்ட்ரீமர் வாங்குறதுக்கு முன்னாடி

பேசினதைப் படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.

போன மாசம் நேயர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹால்ல ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். போனஸ் வந்திருக்கு. "ஒன்றரை லட்சத்துக்குள்ள ஹை-எண்ட் ஸ்ட்ரீமர் ஒண்ணு சொல்லுங்க ப்ரோ, ரிவ்யூ எல்லாம் பார்த்து மூணு மாடல் எடுத்து வெச்சிருக்கேன்"னு கேட்டிருந்தார். நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: வீட்டுல பாட்டு கேக்குற ஆப் எது? பதில் வந்துச்சு: "எனக்கு ஆப்பிள் மியூசிக். அம்மாவுக்கு ஜியோசாவன்."

அவர் எடுத்து வெச்சிருந்த மூணுல ரெண்டு மாடல்ல ஆப்பிள் மியூசிக்கை முழுத் தரத்துல ஓட்ட வழியே இல்லை. மூணாவதுல வழி இருக்கு, ஆனா கொஞ்சம் சுத்திப் போகணும். இது எந்த ரிவ்யூலயும் அவர் கண்ணுல படலை. ஏன்னா அந்த ரிவ்யூ எல்லாம் லண்டன்லயும் அமெரிக்காவுலயும் உட்கார்ந்து பண்ணது. அவங்க கேக்குற சர்வீஸ் வேற, நம்ம சர்வீஸ் வேற. அதனால இன்னைக்கு பெட்டியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி பாட்டு எங்கிருந்து வருதுன்னு பேசுவோம்.

முதல்ல, ஸ்ட்ரீமர்னா என்ன? ஒரு சின்ன கம்ப்யூட்டர். பெரும்பாலும் உள்ள லினக்ஸ் ஓடும், சிலதுல ஆண்ட்ராய்டு. நெட்ல இருந்தோ, வீட்டுல இருக்குற ஹார்ட் டிஸ்க்ல இருந்தோ பாட்டு ஃபைலை எடுத்து, பிரிச்சு, டிஜிட்டல் எண்களா வெளிய அனுப்பும். அந்த எண்களைக் கரண்ட் அலையா மாத்துறது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமா டிஏசி. சில ஸ்ட்ரீமருக்குள்ளயே டிஏசி இருக்கும், சிலதுக்குத் தனியா வாங்கணும். அங்கிருந்து ஆம்ப், ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கர். அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை போர்டு மேல ஒரு ஹைஃபைபெர்ரி கார்டைச் சொருகி, வோலுமியோவோ மூடோ ஆடியோவோ போட்டா அதுவும் ஸ்ட்ரீமர்தான். டிசிஎஸ், லின், ஆரெண்டர்னு பல லட்சத்துக்கு விக்கிறதும் அடிப்படையில இதே வேலையைத்தான் செய்யுது.

இந்த உலகமே டைடல், கோபஸ்னு ரெண்டு சர்வீஸைச் சுத்திக் கட்டினது. நல்ல ஸ்ட்ரீமர் எதைத் திறந்தாலும் இந்த ரெண்டும் உள்ளயே இருக்கும். ஆனா இதைப் பதிவு பண்ற நேரத்துல ரெண்டுமே இந்தியாவுல அதிகாரபூர்வமா கிடையாது. வெளிநாட்டு அட்ரஸ், நண்பனோட கார்டுன்னு ஏதோ பண்ணி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க. அது அவங்க விருப்பம். ஆனா என்னைக்கு வேணும்னாலும் நின்னு போகக்கூடிய ஒரு அக்கவுண்டை நம்பி லட்ச ரூபாய் சிஸ்டம் கட்டாதீங்க.

அப்ப நம்மகிட்ட மிச்சம் என்ன இருக்கு? ஸ்பாட்டிஃபை. 2025 செப்டம்பர்ல இருந்து அவங்க லாஸ்லெஸ் கொடுக்க ஆரம்பிச்சாங்க, 24-பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். இந்தியாவுல அது பிளாட்டினம் திட்டத்துல வருது. பெட்டிக்குள்ள ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருந்தா மட்டும் போதாது. அந்த மாடலுக்கு லாஸ்லெஸ் அப்டேட் வந்திருக்கணும். கடைக்காரர்கிட்ட "ஸ்பாட்டிஃபை ஓடுமா"ன்னு கேட்டா "ஓடும் சார்"னுதான் சொல்வார். "லாஸ்லெஸ்ல ஓடுமா"ன்னு கேளுங்க, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

அடுத்து ஆப்பிள் மியூசிக். 2021 ஜூன்ல இருந்து கூடுதல் காசு வாங்காம லாஸ்லெஸ் தர்றாங்க, 24-பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். தமிழ்ப் பாட்டும் நிறைய இருக்கு. சிக்கல் என்னன்னா, ஸ்ட்ரீமர் தயாரிக்கிற கம்பெனிகள் தங்களோட ஆப்புக்குள்ள இதைச் சேர்த்துக்க ஆப்பிள் பொதுவா வழி விடலை. அதனால ஏர்பிளேதான் கதி. ஏர்பிளேல ஹை-ரெஸ் போகாது. முழுத் தரம் வேணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, ஈவர்சோலோ மாதிரி ஆண்ட்ராய்டு ஓடுற ஸ்ட்ரீமர்ல ஆப்பிள் மியூசிக் ஆப்பையே இன்ஸ்டால் பண்றது. சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோன் எல்லாப் பாட்டையும் பொதுவா ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாத்திடும். இவங்க அந்த இடத்தைத் தாண்டிப் போற மாதிரி சாஃப்ட்வேரைப் பண்ணியிருக்காங்க. இன்னொண்ணு, ஸ்ட்ரீமரே வேண்டாம். பழைய ஐஃபோனோ ஐபேடோ இருந்தா யுஎஸ்பில நேரா ஒரு டிஏசில சொருகிடுங்க. பார்க்க அழகா இருக்காது. ஆனா 24/192 அப்படியே போகும்.

மேக்ல சொருகுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டுக்குப் பாட்டு சாம்பிள் ரேட் மாறினாலும் மேக் தானா மாத்தாது. ஆடியோ மிடி செட்டப்னு ஒரு ஆப் இருக்கு, அதுல நீங்கதான் மாத்தணும். இவ்வளவு பெரிய கம்பெனி இதை இன்னும் இப்படியே விட்டு வெச்சிருக்குறது எனக்குப் புரியவே இல்லை.

கனெக்ட், ஏர்பிளே ரெண்டும் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இப்படிப் பாருங்க. ஃபிரெண்டு வீட்டுக்கு ஸ்விக்கில சாப்பாடு போடுறீங்க. ஆர்டர் உங்க ஃபோன்ல, ஆனா டெலிவரி ஹோட்டல்ல இருந்து நேரா அவன் வீட்டுக்கு. இதுதான் கனெக்ட். ஃபோன் வெறும் ரிமோட். பாட்டை சர்வர்ல இருந்து ஸ்ட்ரீமரே இழுத்துக்கும். நடுவுல ஃபோன் ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் பாட்டு நிக்காது. ஏர்பிளே பொதுவா எப்படின்னா, சாப்பாட்டை உங்க வீட்டுக்கு வரவெச்சு, நீங்க அதைத் தூக்கிட்டு ஃபிரெண்டு வீட்டுக்குப் போறது. பாட்டு ரெண்டு தடவை வைஃபைல பயணம் பண்ணுது. நீங்க ஃபோனை எடுத்துக்கிட்டுக் கடைக்குக் கிளம்பினா ஹால்ல பாட்டு நின்னுடும். அம்மா திட்டுவாங்க.

அம்மாவைச் சும்மா சேர்க்கலை. ஹால்ல வைக்கிற பொருள் வீட்டுல எல்லாரும் தொடுற பொருள். மெயில் அனுப்பினவரோட அம்மா ஜியோசாவன் கேக்குறாங்கன்னா, அவங்க ஃபோன்ல இருந்து அந்தப் பெட்டிக்கு ஒரே தட்டுல பாட்டு போகுமான்னு கடையிலயே சோதிக்கணும். முடிஞ்சா அம்மாவையே கூட்டிட்டுப் போங்க. பெட்டிக்கு ஒரு நிஜமான ரிமோட், அதுல 1, 2, 3னு ப்ரீசெட் பட்டன் இருந்தா இன்னும் நல்லது. 1 அழுத்தினா காலையில கேக்குற பக்திப் பாட்டு, 2 அழுத்தினா இன்டர்நெட் ரேடியோ. டச் ஸ்கிரீனை விட இது பெரிய வசதி. ரிவ்யூ பண்றவங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்து கேக்குறவங்க.

பெட்டி சாகாது, சாஃப்ட்வேர் சாகும்

ஆம்ப்ளிஃபயர் 25 வருஷம் ஓடும். ஸ்பீக்கர் அதை விட ஓடும். ஸ்ட்ரீமர் அப்படி இல்லை. அது கம்ப்யூட்டர்னு சொன்னேன்ல, கம்ப்யூட்டருக்கு வர்ற எல்லா வியாதியும் அதுக்கும் வரும்.

குரோம்காஸ்ட் ஆடியோ ஞாபகம் இருக்கா? 2015ல வந்த வட்டமான சின்ன டப்பா, 35 டாலர். கூகுள் 2019ல அதைத் தயாரிக்கிறதை நிறுத்தினாங்க. ஆனாலும் உலகம் முழுக்க ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. 2025 மார்ச்ல ஒரு நாள் திடீர்னு அதுவும் ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் சேர்ந்து நின்னு போச்சு. காரணம், உள்ள இருந்த ஒரு சான்றிதழோட காலக்கெடு முடிஞ்சிடுச்சு. பத்து வருஷத்துக்குப் போட்ட சர்ட்டிஃபிகேட். அதைப் போட்ட அன்னைக்கு "பத்து வருஷம் கழிச்சு யார் இருப்பா"ன்னு யாரோ நினைச்சிருப்பாங்க. ஐடில வேலை பார்க்குறவங்களுக்கு இது நல்லாவே புரியும். கூகுள் சில நாள்ல அப்டேட் அனுப்பிச் சரி பண்ணிட்டாங்க. சின்ன கம்பெனியா இருந்து, அதுக்குள்ள மூடிட்டுப் போயிருந்தா? பெட்டி செங்கல்தான்.

சோனோஸ் கதையும் அப்படித்தான். 2024 மே மாசம் ஆப்பை முழுசா மாத்தி எழுதினாங்க. பழைய வசதிகள் பல காணாமப் போச்சு. ஹார்டுவேர்ல ஒரு ஸ்க்ரூகூட மாறலை, ஆனா வீட்டுல இருந்த சிஸ்டம் ஒரே ராத்திரியில மோசமாயிடுச்சு. 2025 ஜனவரியில அந்தக் கம்பெனியோட சிஇஓ பதவி விலகினார்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஸ்க்வீஸ்பாக்ஸ். லாஜிடெக் 2006ல அந்தக் கம்பெனியை வாங்கி, 2012ல அந்த வரிசையையே நிறுத்திட்டாங்க. ஆனா அதோட சர்வர் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். இன்னைக்கும் லிரியான்னு வேற பேர்ல ஆர்வலர்கள் அதை வளர்த்துக்கிட்டு இருக்காங்க. பழைய பெட்டியில இன்னும் பாட்டு ஓடுது.

அதனால மாடலை முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி அஞ்சு வருஷம் முன்னாடி வித்த பெட்டிக்கு இன்னைக்கும் அப்டேட் கொடுக்குதான்னு பாருங்க. அவங்க சைட்ல ஃபர்ம்வேர் தேதிகள் இருக்கும். ஸ்கிரீன் எத்தனை இன்ச், உள்ள எந்த சிப்னு பார்க்குறதை விட இது முக்கியம். ஸ்காட்லாந்துல லின்னு ஒரு கம்பெனி. 2007ல கிளைமாக்ஸ் டிஎஸ்னு ஸ்ட்ரீமர் கொண்டு வந்தாங்க. 2009ல சிடி பிளேயர் தயாரிக்கிறதையே நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. பல வருஷம் கழிச்சும் பழைய பெட்டிக்குள்ள போர்டை மட்டும் மாத்திப் புதுசாக்குற வசதியைக் கொடுத்தாங்க. விலை நம்ம பட்ஜெட்ல இல்லை. ஆனா ஹை-எண்ட்னு சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச நியாயமான அர்த்தம் இதுதான்.

தமிழ்நாட்டுல சர்வீஸ் யார் பண்றாங்கன்னும் கேட்டுக்கங்க. வெளிநாட்டுல இருந்து யாரோ தூக்கிட்டு வந்த பெட்டி பத்தாயிரம் ரூபாய் கம்மியா கிடைக்கும். கெட்டுப்போனா திருப்பி அனுப்புற கூரியர்லயே அந்தப் பத்தாயிரம் போயிடும்.

சவுண்டு எங்க மாறுது

சிடி தரம்னா 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 1,411 கிலோபிட். 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்குமான சத்தத்தை அதால முழுசா திருப்பிக் கொடுக்க முடியும். மனுஷக் காது 20ஐத் தாண்டாது, முப்பது வயசு நெருங்கும்போது அதுவும் குறைஞ்சிருக்கும். 16-பிட்ல சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். ஃபேன் ஓடுற ஹால்ல இதுவே நிறைய. அதனால 192ங்கிற நம்பர் ஸ்கிரீன்ல வந்தா சந்தோஷப்படுங்க, வரலைன்னா தூக்கத்தை விடாதீங்க.

அதை விட முக்கியம், எந்தப் பிரதி. எண்பதுகள்ல வந்த ராஜா பாட்டு ஒண்ணைத் தேடிப் பாருங்க. படத்தோட ஆல்பத்துல ஒண்ணு, "ஹிட்ஸ்" தொகுப்புல ஒண்ணு, பாடகர் பேர்ல இன்னொரு தொகுப்புல ஒண்ணு. ஒண்ணுல பேஸ் கிட்டார் தெளிவா நடக்கும், இன்னொண்ணு கேசட்ல இருந்து எடுத்த மாதிரி இரையும், மூணாவது சத்தத்தை ஏத்தி ஏத்தி நசுக்கினதா இருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மூணையும் கேட்டு நல்லதை பிளேலிஸ்ட்ல போடுங்க. அந்த வித்தியாசத்தை எந்தப் பெட்டியும் கொடுக்காது. தேடும்போது இளையராஜா பேரை ஆங்கிலத்துல எத்தனை ஸ்பெல்லிங்ல எழுத முடியுமோ அத்தனையையும் போட்டுப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆல்பம் ஒளிஞ்சிருக்கும்.

ஆடியோக்காரங்களுக்குன்னு தனியா விக்கிற லேன் கேபிள், நெட்வொர்க் ஸ்விட்ச் பத்தி ஒரு வார்த்தை. பாட்டு ஓடும்போது ஸ்ட்ரீமர்ல இருந்து லேன் வயரைப் பிடுங்குங்க. வைஃபையும் ஆஃப்ல இருக்கணும். பாட்டு உடனே நிக்காது. சில நொடி, சில பெட்டியில முழுப் பாட்டே ஓடும். ஏன்னா அது ஏற்கனவே பெட்டியோட மெமரிக்கு வந்தாச்சு. வழியில ஏதாவது பாக்கெட் தொலைஞ்சிருந்தா டிசிபி திரும்பக் கேட்டு வாங்கியிருக்கும். இப்ப சொல்லுங்க, வயரே இல்லாம ஓடுற பாட்டுல நீங்க கேக்குறது எந்த வயரோட சவுண்டு? சாதாரண கேட்-6 கேபிள் போதும்.

விலை கூடும்போது நிஜமாவே மாறக்கூடிய இடம் டிஏசிக்கு அப்புறம் வர்ற அனலாக் பகுதி, பவர் சப்ளை, வால்யூம் கன்ட்ரோல். அங்கயும் ஒரு அளவுக்கு மேல காதுக்கு எட்டாது. மெட்டல் கேபினெட், அழகான டிஸ்ப்ளே, கையில சுத்துற நாப் எல்லாம் எனக்கும் பிடிக்கும். பிடிச்சு வாங்குறதுல தப்பே இல்லை. ஆனா அந்த நேயருக்கு நான் சொன்ன கணக்கு வேற: ஒன்றரை லட்சத்துல கால்வாசி, அதிகபட்சம் மூணுல ஒரு பங்கு ஸ்ட்ரீமருக்கு. மிச்சம் ஸ்பீக்கருக்கும் ரூமுக்கும்.

ரூம் ஏன்? நம்ம ஃபிளாட்ல தரை முழுக்க டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர். கை தட்டினா டிங்குனு எதிரொலிக்கும். 12 அடி நீள ரூம்ல 47 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு அலை சரியா சுவருக்குச் சுவர் பொருந்தி நிக்கும். பேஸ் கிட்டாரோட கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. அதனால ராஜா சாரோட பேஸ் லைன்ல எல்லா நோட்டும் ஒழுங்கா வந்து, ஒண்ணு மட்டும் பூம்னு வீங்கும். ஸ்பீக்கரை சுவர்ல இருந்து ஒன்றரை அடி முன்னாடி இழுங்க. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். தரையில ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்கு கனமான திரை. வீம் மாதிரி குறைஞ்ச விலை ஸ்ட்ரீமர்லயே இப்ப ரூம் கரெக்‌ஷன் வருது. ஃபோன் மைக்கை வெச்சு அளந்து அந்த வீக்கத்தை ஓரளவு அமுக்கிடும். முதல்ல ஜமக்காளம், அப்புறம் சாஃப்ட்வேர்.

பொருத்தும்போது

வீட்டுக்கு வந்த பெட்டியை ஆப் கண்டுபிடிக்கலைன்னா பத்துல எட்டு தடவை பெட்டி மேல தப்பில்லை. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவங்க வெச்ச ரவுட்டர் ஒண்ணு, நீங்க வாங்கின மெஷ் ரவுட்டர் ஒண்ணு. ரெண்டும் தனித்தனி நெட்வொர்க் போட்டுக்கிட்டு இருக்கும். ஃபோன் ஒண்ணுல, ஸ்ட்ரீமர் இன்னொண்ணுல. ஒரே வீட்டுல இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க, இல்லைன்னா முதல் ரவுட்டரை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தச் சொல்லுங்க. கெஸ்ட் வைஃபைல ஸ்ட்ரீமரைப் போடாதீங்க, அது மத்த சாதனங்களைப் பார்க்க விடாது. ரவுட்டர் செட்டிங்ல ஸ்ட்ரீமருக்கு ஒரே ஐபி எப்பவும் கிடைக்கிற மாதிரி ரிசர்வ் பண்ணிடுங்க. முடிஞ்சா லேன் வயர். நெட் வேகம் பிரச்சினையே இல்லை, 24/192 கூட சுருக்காம அனுப்பினா நொடிக்கு 9.2 மெகாபிட்தான். பிரச்சினை நடுவுல நிக்கிற கான்கிரீட் சுவர்.

அடுத்து வால்யூம். இது ஸ்பீக்கரையே காலி பண்ணக்கூடிய விஷயம், கவனமா கேளுங்க. வால்யூம் நாப் இருக்குற ஆம்ப்ல ஸ்ட்ரீமரைச் சொருகினா, ஸ்ட்ரீமர் அவுட்புட்டை ஃபிக்ஸ்டுன்னு வைக்கலாம். ஆனா பவர் ஆம்ப்லயோ ஆக்டிவ் ஸ்பீக்கர்லயோ நேரா சொருகிட்டு ஃபிக்ஸ்டுன்னு வெச்சா முதல் பாட்டே முழுச் சத்தத்துல வெடிக்கும். அங்க வேரியபிள்தான், அதுலயும் அதிகபட்ச அளவுக்கு ஒரு வரம்பு போட்டு வைங்க.

ஆப் உள்ள போய் ஸ்பாட்டிஃபைல ஆடியோ நார்மலைசேஷன், ஆப்பிள்ல சவுண்ட் செக், டால்பி அட்மாஸ், ஈக்வலைசர் எல்லாத்தையும் அணைங்க. லாஸ்லெஸ்ஸை நீங்கதான் தேடிப்போய் ஆன் பண்ணணும்.

ஸ்பீக்கர்ல ம்ம்னு இரைச்சல் வந்தா பவர் கண்டிஷனர் வாங்க ஓடாதீங்க. அதே ஆம்ப்ல டிவியும் சொருகியிருந்தா டிவிக்குப் பின்னாடி இருக்குற கேபிள் அல்லது டிடிஹெச் வயரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா எர்த் ரெண்டு வழியில சுத்துதுன்னு அர்த்தம். டிவிக்கும் ஆம்புக்கும் நடுவுல ஆப்டிகல் கேபிள் போட்டா தீர்ந்துடும், அதுல கரண்ட் பாயாது. எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீங்க. இரைச்சல் நிக்கும், ஷாக் அடிக்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் ஆம்ப் உறுமினா, குத்தம் இன்வெர்ட்டர் மேல.

ரெண்டு ஸ்ட்ரீமரை ஒப்பிடணும்னா சத்தத்தைச் சமப்படுத்தாம ஒப்பிடாதீங்க. கொஞ்சம் சத்தமா இருக்குறது எப்பவும் நல்லா இருக்குற மாதிரியே தோணும், கடையில இதை வெச்சுத்தான் விக்கிறாங்க. வீட்டுல இருக்குற சாதா மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணைக் குறைஞ்ச சத்தத்துல ஓட்டுங்க. அந்த மீட்டர் வீட்டுக் கரண்ட்டை அளக்கவே செஞ்சது, அதனால 50ல ஒழுங்கா காட்டும். ஸ்பீக்கர் டெர்மினல்ல அளந்து, ரெண்டு பெட்டிக்கும் வோல்ட் ஒரு சதவீதத்துக்குள்ள வர்ற மாதிரி வால்யூமைச் சரி பண்ணுங்க. அப்புறம் தங்கச்சியையோ ரூம்மேட்டையோ கூப்பிட்டு, எது எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. பத்து தடவை கேட்டுப் பேப்பர்ல எழுதுங்க. பத்துக்கு அஞ்சு ஆறுதான் சரின்னா விலை கம்மியானதை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுத்துடலாம். அதுக்காகவே வாங்கும்போது ஒரு வாரம் வீட்டுல வெச்சுக் கேக்க விடுவாங்களான்னு முதல்லயே பேசிடுங்க.

வேளச்சேரி நேயர் இன்னும் வாங்கலை. அம்மாவோட கடைக்குப் போறதா சொல்லியிருக்கார். என்ன வாங்கினார்னு எழுதினா சொல்றேன். அடுத்த வாரம் பழைய சிடியை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படின்னு பார்ப்போம். அலமாரியில இருக்குற சிடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.